அற்புத மானின் பாடல்: ஓர் இனத்தின் தொடக்கக் கதையும் திருமுழுக்கும்

ஓர் இனத்தார் கிறிஸ்துவை ஏற்றுத் திருமுழுக்குப் பெறும்போது, அவர்கள் அதுவரை தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த தொடக்கக் கதைகள் என்ன ஆகின்றன? அவை தண்ணீரில் மூழ்கி மறைந்துவிடுகின்றனவா? அன்றி அவர்களோடு கரையேறி, வேறொரு பொருள் பெற்று வாழ்கின்றனவா? திருச்சபை வரலாற்றைப் பயில்வோர் எவரும் தவிர்க்க இயலாத வினா இது. இவ்வினாவை ஏட்டில் அல்லாமல் திரையில் எழுப்பும் படைப்பு ஒன்றினை இக்கட்டுரையில் ஆராய்வோம். ஹங்கேரி நாட்டு இயக்குநர் மார்செல் யான்கோவிச் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அற்புத மானின் பாடல்' என்னும் சித்திரத் திரைப்படமே அது. குழந்தைகளுக்கான வேடிக்கைப் படம் என்று இதனை எண்ணிவிடலாகாது. ஓர் இனம் தன் தோற்றத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதைகளை, அவ்வினத்தின் பழங்கலை வடிவங்களைக் கொண்டே மீண்டும் உரைக்க முனைந்த சோதனை முயற்சி இது.

1. படைப்பாளியும் படைப்பும்

யான்கோவிச் 1941-ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். 1950-இல், பொதுவுடைமை ஆட்சியின் கெடுபிடிகள் உச்சத்தில் இருந்த காலத்தில், அவருடைய தந்தை பொய்க் குற்றச்சாட்டின்பேரில் சிறையிடப்பட்டார். அடுத்த ஆண்டில் குடும்பத்தார் தலைநகரிலிருந்து நாட்டுப்புறத்திற்கு வெளியேற்றப்பட்டனர். பின்னர் சிறுவன் மார்செல், அன்றைய ஆட்சி மூடாமல் விட்டுவைத்த மிகச் சில திருச்சபைப் பள்ளிகளுள் ஒன்றான பன்னோன்ஹால்மா பெனடிக்ட் மடத்துப் பள்ளியில் பயின்றார். அம்மடம் 996-ஆம் ஆண்டில் கேஸா என்னும் சிற்றரசனால் நிறுவப்பட்டது. தன் குடிமக்களைக் கிறிஸ்தவத்தின் வாயிலுக்கு அழைத்து வந்தவன் இவனே. புறச்சமய முன்னோரின் கதைகளைத் திரையில் பாடிய கலைஞர், அம்முன்னோரைத் திருமுழுக்கிற்கு ஆயத்தம் செய்த மடத்தில் கல்வி கற்றவர் என்பதை நினைவில் இருத்துதல் நன்று.

1960-இல் பன்னோனியா படநிறுவனத்தில் சேர்ந்த அவர், 1973-இல் ஹங்கேரியின் முதல் முழுநீளச் சித்திரப் படமான 'யானோஷ் வீரன்' என்பதை இயக்கினார். 1977-இல் அவர் செய்த 'போராடுவோர்' என்னும் குறும்படம் கான் திரைப்பட விழாவில் குறும்படங்களுக்குரிய உயர்ந்த விருதைப் பெற்றது. 1981-இல் வெளிவந்த 'வெண்புரவியின் மகன்' அவருடைய புகழை நிலைநாட்டியது. சித்தியர், ஹூணர், அவார் முதலிய நாடோடி இனங்களின் நினைவுக்கு அப்படம் அர்ப்பணிக்கப்பட்டுள்ளது. உலக மரத்தின் பொந்தில் வெண்ணிறப் பெண்குதிரைக்குப் பிறந்த வீரன், பாதாளத்தில் இறங்கி, மூன்று பறவைநாகங்களை வென்று மூன்று இளவரசியரை மீட்பதே அதன் கதை. அந்நாகங்களை அவர் வரைந்த முறை நம் கருத்தை ஈர்க்கிறது. மூன்று தலை நாகம் கல்லால் ஆனது. ஏழு தலை நாகம் போர்க்கவச வண்டிகளின் உருவம் கொண்டது. பன்னிரண்டு தலை நாகமோ வானளாவிய கட்டடங்கள் செறிந்த நகரமாகவே நிற்கிறது. பழங்கதையின் தீமை பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை என்பது அதன் உட்பொருள்.

இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த 'அற்புத மானின் பாடல்' ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடுவது. நான்கு பகுதிகளாக அமைந்தது. உலகமும் மாந்தரும் தோன்றிய வகையை உரைக்கும் தொன்மங்களில் தொடங்கி, இனத்தின் இடப்பெயர்ச்சிகளைக் கூறி, கிறிஸ்தவக் காலத்தின் வாயில்வரை அது செல்கிறது. நாட்டுப்புறக் கலையிலும் தொல்பொருள்களிலும் காணப்படும் உருவங்களையே இயக்குநர் தம் சித்திர மொழியாக்கிக் கொண்டார். ஆகவே இதனை நாடகமாகப் பாராமல், அசையத் தொடங்கிய ஓவியச் சுவராகப் பார்ப்பதே பொருந்தும். தேர்ந்த கதைமாந்தரையும் தொடர்ந்த உரையாடலையும் எதிர்பார்த்து அமர்வோர் முதலில் திகைக்க நேரிடும். யான்கோவிச் 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் காலமானார்.

2. உருமாற்றம் என்னும் சித்திர மொழி

யான்கோவிச்சின் கலையில் முதன்மையானது உருமாற்றம். ஒரு கோடு வளைந்து மானாகிறது. மானின் கொம்பு கிளைத்து மரமாகிறது. மரத்தின் உச்சி விரிந்து வானமாகிறது. நடிகரைக் கொண்டு எடுக்கும் படத்தில் ஒரு காட்சி முடிந்து மற்றொன்று தொடங்கும். இங்கோ ஒரு பொருளே மற்றொரு பொருளாகக் கண்முன் உருகி மாறுகிறது. ஒவ்வொரு நொடிக்கும் பல சித்திரங்களைக் கையால் வரைந்து அடுக்கும் இக்கலைக்கு அத்தகைய மாற்றம் இயல்பாகவே கைகூடும்.

தொன்மம் உலகைக் காணும் முறைக்கும் இவ்வுருமாற்றத்திற்கும் நெருங்கிய உறவு உண்டு. தொன்ம உலகில் விலங்கிற்கும் மனிதனுக்கும், மனிதனுக்கும் விண்மீனுக்கும் இடையே கடக்கமுடியாத எல்லை இல்லை. திருமறையின் படைப்புப் பகுதியோ வேறுவகையில் பேசுகிறது. அங்கு கதிரவனும் நிலவும் படைக்கப்பட்ட விளக்குகளே. விலங்குகள் தத்தம் இனத்தின்படி உண்டாக்கப்படுகின்றன. படைத்தவருக்கும் படைப்பிற்கும் இடையேயுள்ள வேறுபாடு அழிவதில்லை. ஆகவே இப்படத்தைக் காணும் இறையியல் மாணவர், தாம் வேறோர் உலக நோக்கினுள் நுழைவதை உணர்தல் வேண்டும். அவ்வுணர்வு அச்சத்திற்குக் காரணமாக வேண்டியதில்லை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் எத்தகைய கதைகளின் நடுவே நின்று பேசியது என்பதை விளங்கிக்கொள்ள அதுவே நல்ல துணை.

3. கதைகள்

இப்படத்தின் பின்னணியில் நிற்கும் கதைகளைச் சுருக்கமாகக் காண்போம்.

அவற்றுள் மிகப் பழமையானவை ஹங்கேரியரின் மொழி உறவினராகிய மான்சி, காந்தி மக்களிடையே மேற்குச் சைபீரியாவில் வழங்குபவை. அந்தல் ரெகுலி என்னும் ஹங்கேரிய ஆய்வாளர் 1840-களில் கடுங்குளிரில் அலைந்து அவர்களுடைய பாடல்களைத் திரட்டினார். அக்கதைகளில் ஒன்றன்படி, ஆதியில் விண்ணில் ஆறு கால்கள் கொண்ட காட்டுமான் ஒன்று ஓடியது. மாந்தர் எவராலும் அதனைப் பிடிக்க இயலவில்லை. விண்ணக வேடன் ஒருவன் பனிச்சறுக்குக் கட்டைகளை அணிந்து துரத்திச் சென்று அதன் இரண்டு கால்களை வெட்டினான்; அதுமுதல் மனிதர் அதனை வேட்டையாட முடிந்தது. அம்மான் விண்மீன் கூட்டமாயிற்று. வேடன் சறுக்கிச் சென்ற தடம் பால்வீதியாயிற்று.

இரண்டாவது, ஹூனோர், மாகோர் என்னும் உடன்பிறந்தார் இருவரின் கதை. மெயோத்திஸ் சதுப்பு நிலத்தில், அதாவது அசோவ் கடலை அடுத்த பகுதியில், வேட்டைக்குச் சென்ற அவர்கள்முன் ஒரு பெண்மான் தோன்றுகிறது. அவர்கள் அதனைத் துரத்துகிறார்கள். அது சதுப்பினூடே அவர்களை நெடுந்தொலைவு இழுத்துச் சென்று மறைந்துவிடுகிறது. மான் கிடைக்கவில்லை, ஆயினும் மேய்ச்சலுக்கு உகந்த நல்ல நிலம் கிடைக்கிறது. தந்தையின் விடைபெற்று அங்கே குடியேறி ஐந்தாண்டுகள் வாழ்ந்தபின், ஆறாம் ஆண்டில் வெளிப்போந்து, ஆடவர் இல்லாத கூடாரங்களில் விழாக் கொண்டாடிக்கொண்டிருந்த பெண்களைக் கவர்ந்து செல்கின்றனர். அவர்களுள் ஆலானியர் தலைவனான தூலாவின் மகளிர் இருவரை உடன்பிறந்தார் மணக்கின்றனர். ஹூணரும் ஹங்கேரியரும் இவர்களின் வழிவந்தோர் என்பது கதை.

மூன்றாவது, எமெஷெ என்னும் பெண்ணின் கனவு. டுருல் என்னும் பெரும் வேட்டைப்பறவை கனவில் அவளிடம் வருகிறது. அவள் வயிற்றிலிருந்து பேராறு ஒன்று பெருக்கெடுக்கும் என்றும், அவள் வழியில் மாண்புமிக்க அரசர் தோன்றுவர் என்றும், ஆனால் அவர்கள் பெருகுவது சொந்த மண்ணில் அன்று என்றும் அவளுக்கு அறிவிக்கப்படுகிறது. பிறந்த மகனுக்கு ஆல்மோஷ் என்று பெயர். அம்மொழியில் 'ஆலோம்' என்பது கனவைக் குறிக்கும். அவன் மகன் ஆர்பாதின் தலைமையில் கி.பி. 895-ஐ ஒட்டி இனத்தார் கார்பாத்திய மலைகளைக் கடந்தனர். ஆல்மோஷோ பன்னோனியாவினுள் நுழையக் கூடாதென்று எல்லையிலேயே கொல்லப்பட்டான் எனப் பதினான்காம் நூற்றாண்டு வரலாற்றேடு கூறுகிறது. மக்களை வழிநடத்தியவர் நாட்டினுள் நுழையாமற்போனார் என்பதைப் படிப்போருக்கு மோசேயின் நினைவு வராதிராது.

நான்காவது, வெண்குதிரையின் கதை. ஆர்பாத் அந்நாட்டை ஆண்ட சுவாதோப்ளுக்கிற்குப் பொன் சேணமும் கடிவாளமும் பூட்டிய வெண்குதிரை ஒன்றை அனுப்பி, மாற்றாகச் சிறிதளவு மண்ணும் புல்லும் தானூப் ஆற்று நீரும் கேட்கிறான். அவர் களிப்புடன் கொடுத்துவிடுகிறார். பின்னர், குதிரைக்கு ஈடாக நிலமும், கடிவாளத்திற்கு ஈடாகப் புல்லும், சேணத்திற்கு ஈடாக நீரும் விலைக்கு வாங்கப்பட்டுவிட்டன என்றும், ஆகவே அவர் வெளியேற வேண்டும் என்றும் செய்தி வருகிறது.

இக்கதைகள் முன்னோரை மாசற்றவராகக் காட்டவில்லை என்பது கவனத்திற்குரியது. கவர்ந்த பெண்களிலிருந்து இனம் பிறக்கிறது. வஞ்சகத்தால் நாடு கிடைக்கிறது. யாக்கோபின் கதையை வாசித்துப் பழகியோருக்கு இது புதிதன்று.

4. கதையைக் காத்தவர் யார்?

இவற்றுள் சைபீரியப் பாடல்கள் நீங்கலாக ஏனைய கதைகள் நமக்குக் கிடைத்துள்ள வகையே வியப்பிற்குரியது. அவற்றை ஏட்டில் எழுதியவர்கள் புறச்சமயப் பூசாரிகள் அல்லர். இலத்தீன் கற்ற கிறிஸ்தவர்களே. எமெஷெயின் கனவைக் கி.பி. 1200-ஐ ஒட்டி எழுதியவர் பேலா அரசரின் எழுத்தராக இருந்த, பெயர் அறியப்படாத ஆசிரியர் ஒருவர். மான் வேட்டையை 1280-களில் எழுதியவர் நான்காம் லாஸ்லோ அரசரின் அவையைச் சார்ந்த குருவாகிய சீமோன். பழைய பாடகர்கள் பாடியது காற்றோடு போயிற்று. குருக்கள் எழுதியது நின்றது. திருச்சபை பழமையை அழித்தது என்று பொதுவாகச் சொல்வோர் இவ்வுண்மையையும் கணக்கில் கொள்ளல் வேண்டும்.

ஆயின் அவர்கள் கேட்டதைக் கேட்டவாறே எழுதினார்கள் என்று கூறவும் இயலாது. மானைத் துரத்திச் சென்று புதுநாடு கண்ட வேடர் கதை, கி.பி. ஆறாம் நூற்றாண்டிலேயே யோர்தானெஸ் என்பவரின் நூலில் ஹூணரைப் பற்றியதாகக் காணப்படுகிறது. சீமோன் அதற்குப் புதியதொரு தலைவாயில் அமைத்தார். ஹூனோரும் மாகோரும் யாருடைய பிள்ளைகள்? யாப்பேத்தின் வழித்தோன்றலான மென்ரோத்தின் பிள்ளைகள் என்றார். மென்ரோத் வேறு யாருமல்லன். ஆதியாகமம் 10-ஆம் அதிகாரத்தில் பலத்த வேட்டைக்காரன் எனப் பெயர்பெற்ற நிம்ரோத்தே. அவனே கோபுரத்தைக் கட்டத் தொடங்கினான் என்றும், மொழிகள் தாறுமாறானபின் ஆவிலா நாட்டிற்குச் சென்றான் என்றும், அங்கே அவ்விருவரும் பிறந்தனர் என்றும் சீமோன் எழுதுகிறார். திருமறையில் நிம்ரோத் காமின் வழியினன். சீமோனோ அவனை யாப்பேத்தின் குடும்பத்திற்கு மாற்றிக்கொண்டார்.

இவ்வாறு ஒட்டுப்போட்டதன் நோக்கம் யாது? இரண்டு காரணங்களைக் கூறலாம். முதலாவது, ஐரோப்பிய இனங்கள் ஒவ்வொன்றும் தன் மரபை நோவாவின் மக்களோடு இணைத்துக் காட்ட முயன்ற காலம் அது. திருமறை வரைந்துள்ள இனங்களின் பட்டியலில் இடமில்லாத இனம், மனிதக் குடும்பத்திலேயே இடமில்லாததாகக் கருதப்படும் நிலை இருந்தது. இரண்டாவது, வேட்டைக்கார இனத்திற்கு வேட்டைக்காரனையே முதல்வனாகக் காட்டுதல் எளிது. ஆனால் சீமோனின் தெரிவில் ஆழமான மற்றொன்றும் உண்டு. இடைக்காலக் கிறிஸ்தவ மரபில் நிம்ரோத் நல்ல பெயர் பெற்றவன் அல்லன். கடவுளுக்கு எதிராகக் கோபுரம் எழுப்பிய செருக்குடையோன். தம் அரசரின் குலமுதல்வன் பாபேலைக் கட்டியவன் என்று எழுதுவது, புகழுரை போலத் தோன்றினும் உள்ளே ஓர் அறிக்கையையும் கொண்டுள்ளது: எங்கள் கதை சிதறடிக்கப்பட்டோரின் கதை என்பதே அது.

5. கொம்புகளில் எரியும் ஒளி

மான் பாபேலின் நிழலில் நின்றுவிடவில்லை. அதன் பின்வரலாறு நம் வினாவிற்கு நேரான விடை தருகிறது.

ஹங்கேரிய மொழியில் மானைக் குறிக்கும் 'சார்வாஷ்' என்னும் சொல்லுக்குக் கொம்புடையது என்பதே பொருள். நாட்டுப்புறத்தில் கிறிஸ்துமஸ் மறுநாளாகிய ஸ்தேவான் திருநாள் தொடங்கி, வீடு வீடாகச் சென்று வாழ்த்துப் பாடும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டுவரையும் நிலைத்திருந்தது. அப்பாடல்களில் ஓர் அற்புத மான் வருகிறது. அதன் நெற்றியில் கதிரவனும் விலாவில் நிலவும் ஒளிர்கின்றன. கொம்புகளில் எண்ணற்ற மெழுகுதிரிகள் தாமாகவே எரிகின்றன. விண்ணில் ஓடிய பழைய மான், திருச்சபையின் திரிகளைச் சுமந்துகொண்டு கிறிஸ்துமஸ் வீட்டு வாயிலில் வந்து நிற்கிறது!

பதினான்காம் நூற்றாண்டு வரலாற்றேடு மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்கிறது. 1074-ஆம் ஆண்டுப் போரின் பின்னர், ஆட்சியுரிமைக்காகப் போரிட்ட இளவரசர் இருவர் வாட்ஸ் என்னும் இடத்தில் ஆலயம் எழுப்ப இடம் தேடி நிற்கின்றனர். கொம்பெல்லாம் எரியும் திரிகள் கொண்ட மான் ஒன்று அவர்கள்முன் தோன்றி, ஓரிடத்தில் கால் ஊன்றி நின்று, பின்னர் ஆற்றில் பாய்ந்து மறைகிறது. இது மான் அன்று, கடவுளின் தூதன் என்று லாஸ்லோ உரைக்கிறான். அது நின்ற இடத்தில் ஆலயம் எழும்பியது.

முதற்கதையில் மான் மேய்ச்சல் நிலத்தைக் காட்டிற்று. இக்கதையில் வழிபாட்டு இடத்தைக் காட்டுகிறது. வேட்டைப்பொருள் வழிகாட்டியாகி, வழிகாட்டி தூதனாகிறது. யான்கோவிச் தூரிகையால் செய்த உருமாற்றத்தை அவருக்கு முன்னரே திருச்சபையின் நினைவு செய்திருந்தது எனலாம். ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. தொன்மத்தின் உருமாற்றத்தில் மான் தானே தெய்வத்தன்மை வாய்ந்தது. கிறிஸ்தவக் கதையில் அது அனுப்பப்பட்டது. தன்னை அனுப்பியவரைச் சுட்டிவிட்டு மறைவது.

6. திருமுழுக்கின் மறுபக்கம்

இம்மாற்றம் முழுவதும் இனிதே நிகழ்ந்தது என்று எண்ணுவது வரலாற்றிற்கு மாறானது. சிற்றரசன் கேஸா திருமுழுக்குப் பெற்றபின்னரும் பழைய தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தான். இதனைக் கடிந்த குருவிடம், இரு தரப்பாருக்கும் செலுத்தப் போதிய செல்வம் தன்னிடம் உண்டு என்று அவன் விடையளித்ததாக மெர்செபுர்க் நகரப் பேராயர் தீத்மார் எழுதியுள்ளார். இவ்விடையைக் கேட்டு நகைக்கும் போதகர், தம் சபையாரின் வீடுகளை நினைத்தால் நகைப்பு அடங்கிவிடும்.

கேஸாவின் மகன் இஸ்த்வான் 1000-ஆம் ஆண்டு முடிந்து 1001 பிறக்கும் வேளையில் அரசராக முடிசூட்டப்பட்டார். பத்து ஊர்களுக்கு ஓர் ஆலயம் கட்டப்பட வேண்டும் எனச் சட்டம் செய்தவர் அவரே. ஆனால் அதற்கு முன்னர், பழைய மரபின்படி ஆட்சியுரிமை கோரிய உறவினன் கோப்பானி 997-இல் போரில் வீழ்த்தப்பட்டான். அவன் உடல் நான்கு கூறாக்கப்பட்டுக் கோட்டை வாயில்களில் தொங்கவிடப்பட்டது. 1046-இல் வாதா என்பவனின் தலைமையில் பழைய சமயத்தார் கிளர்ந்தெழுந்து குருக்களைக் கொன்றனர். வெனிஸிலிருந்து வந்து தொண்டாற்றிய கெல்லேர்த் பேராயர் தானூப் கரைக் குன்றிலிருந்து உருட்டிக் கொல்லப்பட்டார். அக்குன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1092-இல் கூடிய சபோல்ச் சங்கம், கிணற்றருகிலும் மரத்தடியிலும் ஊற்றிலும் பாறையிலும் பலியிடுவோருக்கு ஓர் எருதை அபராதமாக விதித்தது. முடிசூட்டு நிகழ்ந்து ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னரும் இத்தகைய சட்டம் தேவைப்பட்டது என்பதே, மக்களின் உள்ளம் ஆணையால் மாறவில்லை என்பதற்குச் சான்று.

இங்கு ஓர் உண்மை தெளிவாகிறது. வாளும் அபராதமும் பழங்கதைகளை அழிக்க இயலவில்லை. அவற்றை மறைவிடத்திற்கே துரத்தின. அவற்றிற்குப் புதுப்பொருள் தந்தவை எழுதுகோலும் பாடலும் வழிபாட்டு ஆண்டுமே.

7. தொடக்கக் கதையின் இரு பயன்கள்

தொடக்கக் கதையை நன்மைக்கும் பயன்படுத்தலாம், தீமைக்கும் பயன்படுத்தலாம். இரண்டிற்கும் ஹங்கேரிய வரலாற்றில் சான்றுகள் உண்டு.

1770-ஆம் ஆண்டில் யானோஷ் ஷைனோவிச் என்னும் இயேசு சபைக் குரு, ஹங்கேரிய மொழியும் வடதுருவத்தை அடுத்து வாழும் லாப்பியரின் மொழியும் உறவுடையவை என்று காட்டினார். வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் காண நார்வேயின் வடகோடிக்குச் சென்ற வானியல் பயணத்தின்போது அவர் திரட்டிய சான்றுகள் அவை. ஹூண மன்னன் அத்திலாவின் வழியினர் எனத் தம்மைக் கருதியிருந்தோர் பலருக்கு இது கசந்தது. மீன்நாற்றம் வீசும் உறவு எங்களுக்கு வேண்டா என்று எள்ளினர். ஏழை மீனவரும் துருவ மான் மேய்ப்பவரும் நம் உறவினர் என்பதை ஏற்க மறுத்த செருக்கு அது. மொழியியல் இன்று ஷைனோவிச்சின் பக்கமே நிற்கிறது. காந்தி, மான்சி மக்களின் தொன்மங்களை எடுத்தாளும் தொன்மப் படம் அந்த எளிய உறவினரை மீண்டும் தன் பந்தியில் அமர்த்துகிறது என்பதைப் பாராட்டல் வேண்டும்.

டுருல் பறவையின் கதையோ மேலும் கசப்பானது. 1919 முதல் 1945 வரை அப்பறவையின் பெயரைத் தாங்கி இயங்கிய மாணவர் கூட்டமைப்பு, பல்கலைக்கழகங்களில் யூத வெறுப்பை வளர்த்தது. ஒரு தாயின் கனவில் வந்த பறவை, அயலாரின் பிள்ளைகளை வெளியே துரத்தும் கொடியாயிற்று.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு சீர்திருத்தக் காலத்தில் கிடைக்கிறது. 1526-இல் மொஹாச் போர்க்களத்தில் ஹங்கேரிய அரசு துருக்கியரிடம் வீழ்ந்தது. 1538-இல் சீர்திருத்த இயக்கத்தைச் சார்ந்த ஆந்திராஷ் ஃபார்காஷ் என்பவர் யூத இனத்தையும் ஹங்கேரிய இனத்தையும் ஒப்பிட்டு ஒரு செய்யுள் நூல் இயற்றினார். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து அழைத்துவந்த கடவுளே நம் முன்னோரைச் சித்தியாவிலிருந்து நல்ல நாட்டிற்கு அழைத்துவந்தார். அவர்களைப் போலவே நாமும் அவரை மறந்தோம். ஆகவே தண்டனை வந்தது. மனந்திரும்புவோம் என்பது அதன் கருத்து. அதே இடப்பெயர்ச்சிக் கதைதான். ஆனால் இங்கு அது அயலாரைத் தாழ்த்தும் படைக்கலம் அன்று. தன்னையே ஆராயும் கண்ணாடி. தன் இனத்தையும் தெரிந்துகொள்ளப்பட்ட இனமாகக் கருதும் இடர் இவ்வொப்பீட்டிலும் இல்லாமல் இல்லை. எனினும் பெருமையின் கதையை மனந்திரும்புதலின் கதையாக மாற்றிய ஆற்றல் திருமறையிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை.

8. திருமறையின் ஒளியில்

திருமறை தொடக்கக் கதைகளை எவ்வாறு கையாள்கிறது? உபாகமம் 26-ஆம் அதிகாரத்தில் முதற்கனியுடன் வரும் இஸ்ரவேலன் தன் முன்னோரைப் பற்றி அறிக்கை செய்ய வேண்டும். அவன் முதலில் சொல்ல வேண்டியது, தன் தகப்பன் நிலையற்று அலைந்த அந்நியன் என்பதே. அரசன் என்றோ வீரன் என்றோ அவன் தொடங்குவதில்லை. அவ்வறிக்கையின் முடிவில் அவன் லேவியனோடும் அந்நியனோடும் சேர்ந்து களிகூர வேண்டும். தொடக்கக் கதையைச் சரியாகச் சொன்னவனின் பந்தியில் அந்நியனுக்கும் இடம் உண்டு.

ஆமோஸ் இன்னும் ஒருபடி மேற்செல்கிறார். 9-ஆம் அதிகாரத்தின் 7-ஆம் வசனத்தில், இஸ்ரவேலின் பகைவராகிய பெலிஸ்தருக்கும் சீரியருக்கும்கூட ஒரு புறப்பாட்டை அருளியவர் அதே கர்த்தரே என அவர் அறிவிக்கிறார். மீட்பின் வரலாற்றில் இஸ்ரவேலுக்குரிய தனியிடத்தை அவர் மறுக்கவில்லை. அந்த இடத்தைக் கொண்டு பெருமை பாராட்டுவதையே மறுக்கிறார். இடம்பெயர்ந்து வந்த ஒவ்வோர் இனத்தின் பாதையிலும் கடவுளின் கை இருந்தது என்றால், சதுப்பு நிலத்தைக் கடந்த வேடரின் பாதையும் அவருக்கு மறைவானதன்று. பவுல் அத்தேனே நகரில் பேசியதும் இதனோடு ஒத்தது: எல்லா இனங்களும் ஒரே தொடக்கம் உடையவை; அவற்றின் காலமும் எல்லையும் குறிக்கப்பட்டது அவர்கள் கடவுளைத் தேடும்படியாகவே.

இவ்வொளியில் பார்க்கும்போது, முதலில் எழுப்பிய வினாவிற்கு ஒருவாறு விடை கிடைக்கிறது. திருமுழுக்குப் பெறும் இனம் தன் நினைவை இழக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நினைவு தன் அரியணையை விட்டு இறங்க வேண்டும். கதை தெய்வமாக நில்லாமல் சாட்சியாக நிற்க வேண்டும். அவ்வாறு நிற்கிறதா என்பதை அறிய மூன்று வினாக்களைக் கேட்கலாம். இக்கதை முன்னோரின் பாவத்தையும் சொல்கிறதா, அன்றி மறைக்கிறதா? இக்கதையில் அயலானுக்கு இடம் உண்டா? இக்கதை தன்னைக் கடந்து வேறொருவரைச் சுட்டுகிறதா? இனப்பெருமை பேசும் எந்தக் கதையையும் போதகர் இம்மூன்று வினாக்களால் சோதிக்கலாம்.

யான்கோவிச் இறையியல் நூல் எழுதவில்லை. அவர் வரைந்தது சித்திரங்களே. திருமறை நாடகம் ஒன்றனையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆதாமும் ஏவாளும் லூசிபரும் வரலாற்றினூடே பயணம் செய்யும் 'மனிதனின் துன்பியல்' என்னும் இம்ரே மதாச்சின் நாடகத்தைப் பல்லாண்டுகள் உழைத்து 2011-இல் சித்திரப் படமாக்கி முடித்தார். அவர் படைப்புகளைக் காணும் இறையியல் மாணவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கதை எழுதிய அந்தப் பழைய குருக்கள் தம் மக்களின் பாடல்களைச் செவிகொடுத்துக் கேட்டதனாலேயே அவை நிலைபெற்றன. நம் சபையாரின் பாட்டிமார் சொல்லும் கதைகளை உட்கார்ந்து கேட்க நமக்குப் பொறுமை உண்டா? கேளாதவன் திருத்தவும் இயலாது. பொருள் விளக்கவும் இயலாது. மான் ஓடிக்கொண்டேயிருக்கிறது. அதனை எய்து வீழ்த்துவதைக் காட்டிலும், அது எந்த ஒளியைத் தன் கொம்புகளில் ஏந்துகிறது என்று பார்த்துக் கூறுவதே திருப்பணியாளரின் கடமை.